மூன்றாம் பாடத்தில் உன் குரல்

முரளிக்கு,

இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த வாரமே நீயும் பத்மாவும் ஹைதராபாத் போய்விடுவீர்கள். இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை பந்தல்காரர் வந்துவிட்டார். இன்னொரு தடவை யாரும் வரவில்லை, எனக்குத் தைரியம்தான் வரவில்லை. நீ மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுச் சென்னை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். இருபத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று இங்கிலீஷ் பாடம் நடத்தியவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

கூறைப்புடவை பார்க்க பிள்ளையார்பாளையத்தில் பத்மா வீட்டுக்குப் போனோமே, அன்றைக்குத்தான் இது ஆரம்பித்தது. சம்பந்தி மகளுக்கான புடவையைத் தன் தறியிலேயே போட்டிருந்தார். நீ அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் அவரிடம் தெலுங்கில் பேசினாய். அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பாஷையில் நீயும் பேச வேண்டும் என்று ஆறு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்று பத்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நேனு நின்ன வஸ்தானு" என்றாய். நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல நினைத்து, நேற்று வருகிறேன் என்று சொல்லிவிட்டாய். எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு புரியும். எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் தறியில் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே, "ரேபு வஸ்தாரா? சரே, ரண்டி" என்றார். நாளைக்கு வருகிறீர்களா, சரி, வாங்க. அவ்வளவுதான். நீயும் "ரேபு, ரேபு" என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாய். உன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

தப்பைத் தப்பு என்று சொல்லாமல், சரியான வார்த்தையைத் தன் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பது ஒரு முறை. இரண்டாவது மொழி கற்றுக்கொடுப்பவர்களுக்கு அதைப் புத்தகத்தில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மனிதர் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. அவர் செய்ததை நான் உனக்கு ஒரு நாளும் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பத்மா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "அத்த, அவரு உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாரு. சின்ன வயசுல அவரு வாய்ஸ ஏதோ பாடத்துல போட்டீங்களாம், அவருக்குப் புடிக்கலன்னு சொன்னதும் ஒரே வாரத்துல எடுத்துட்டீங்களாம். எங்கம்மா அப்டின்னு சொல்லுவாரு."

நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். நீ பிளஸ் டூ படித்த வருடம் எங்கள் கல்லூரிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் லேப் வந்தது. டெலிபோன் ஒயரில் கரகரவென்று சத்தம் போட்டு இன்டர்நெட் இணையும் காலம். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்படி, இணையத்தில் ஒரு பேச்சு ஆங்கிலப் பாடத்திட்டம் செய்ய வேண்டும் என்று பிரின்சிபால் என்னை அழைத்தார். பதினேழு வருடமாகப் பழைய நோட்ஸை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாகத் தனி அறையும் தனிக் கம்ப்யூட்டரும் கிடைத்தன. வழிகாட்டுவதற்குச் சென்னையிலிருந்து ரெஹானா என்று ஒரு பெண் இரண்டு நாள் வந்தாள். பாட வடிவமைப்பு படித்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். போர்டில் ஐந்து கட்டம் போட்டாள். படிக்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று ஆராய்வது முதல் கட்டம். பிறகு பாடத்தைத் திட்டமிட வேண்டும், உருவாக்க வேண்டும், நடத்திப் பார்க்க வேண்டும். கடைசியில் அது பலித்ததா என்று மதிப்பிட்டு, பலிக்காததை மாற்ற வேண்டும். எனக்கு அந்த ஐந்து கட்டமும் ரொம்பப் பிடித்துப்போனது. எல்லாம் பேப்பரில் அடங்குகிற வேலையாகத் தெரிந்தது.

ரெஹானா முதல் கட்டத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கிளாஸ்ல நீங்க எதிர்ல இருக்கீங்க மேடம். ஸ்டூடன்ட் மூஞ்சி சுருங்கினா நிறுத்திக்குவீங்க. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி தெரியாது. அதனால அவங்க மூஞ்சிய நீங்க முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்துரணும்." பத்துப் பேரையாவது நேரில் சந்தித்துப் பேசச் சொல்லி ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஒருவரையும் சந்திக்கவில்லை. பட்டுக் கடையில் நிற்பவர், சரிகைக் கடையில் கணக்கு எழுதுபவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று பத்துப் பேரை நானே கற்பனை செய்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் படிவத்தை நிரப்பினேன். உண்மையான மனிதர் என்று எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குரல்தான். அது என் வீட்டிலேயே இருந்தது.

இதற்கு முன்னால் நடந்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் இது முழுதாகாது. உன் அப்பா பிடிவாதமாக உன்னைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தார். வெளியே அதைப் பெருமையாகச் சொல்வேன், உள்ளுக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது. என் டிபார்ட்மென்டில் இருந்த எல்லோருடைய பிள்ளைகளும் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார்கள். ஒரு கிரகப்பிரவேசத்தில் எங்கள் ஹெச்.ஓ.டி. உன்னிடம், அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். நீ வார்த்தை தேடிக்கொண்டிருந்தாய். இரண்டு விநாடி கொடுத்திருந்தால் சொல்லியிருப்பாய். நான் குறுக்கே விழுந்து உனக்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பார்க்காத மாதிரி நான் பாயசத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். உன் இங்கிலீஷைப் பற்றி வெட்கப்பட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது சரியில்லை. நான் உன்னைப் பற்றி வெட்கப்பட்டேன்.

அந்த நினைப்போடுதான் ஒரு சனிக்கிழமை உன் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்தேன். "உன்னப் பத்தி, வீட்டப் பத்தி அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசு" என்றேன். "எதுக்குமா?" என்று கேட்டாய். "எனக்கு நோட்ஸ் எடுக்க. வேற யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பேசினாய். மூன்றாம் பாடத்தில் 'எப்படிப் பேசக் கூடாது' என்ற தலைப்பின் கீழ் அந்தப் பேச்சை வெட்டி வைத்தேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வரும், கூடவே ஒரு சத்தம். மூன்று விதமான சத்தம் இருந்தது. மிருதுவாக மணி அடிப்பது போல் ஒன்றும் இருந்தது. நான் காது கூசுகிற அந்த பஸ்ஸர் சத்தத்தைத்தான் எடுத்தேன், மனதில் பதியுமாம்.

நீ என்ன பேசினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "மை மதர் டெய்லி லேட் கம்மிங். ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஹெர் ஒன்லி. ஷி கம் மீன்ஸ், ஐ ஆம் வெரி ஹாப்பி." அம்மா தினமும் நேரம் கழித்து வருகிறாள், அவளுக்காகத்தான் காத்திருக்கிறேன், அவள் வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறாய். எனக்குக் கேட்டதெல்லாம் வினைச்சொல் தப்பு, 'ஒன்லி' தப்பான இடத்தில் இருக்கிறது, 'மீன்ஸ்' என்பது தமிழிலிருந்து வந்தது. அதைத்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் விளக்கி எழுதினேன். ஒரு பிள்ளை தன் தாயிடம் சொன்ன செய்தி அதில் இருக்கிறது என்பது உறைக்க எனக்குப் பல வருடம் ஆனது. நாளைக்குப் பத்மா கோபத்திலோ அழுகையிலோ, தமிழிலோ தெலுங்கிலோ உன்னிடம் ஏதாவது கொட்டினால், அவள் எப்படிச் சொல்கிறாள் என்று பார்க்காதே. என்ன சொல்கிறாள் என்று முதலில் கேள். புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாடம் இணையத்தில் ஏறி ஒரு மாதத்துக்குள் உன் வகுப்புப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உன்னைப் பார்த்ததும் "ஷி கம் மீன்ஸ்" என்பார்களாம், இன்னொருவன் மூக்கால் பஸ்ஸர் அடிப்பானாம். நீ சமையலறைக்கு வந்து, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் நின்றாய். "அம்மா, அத எடுத்துரும்மா. யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னியே" என்றாய். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குச் சுலபமாகப் போயிற்று. "அடுத்த வாரம் காலேஜப் பாக்க கமிட்டி வர்றாங்கப்பா. பாத்துட்டுப் போகட்டும், மறுநாளே எடுத்துர்றேன்" என்றேன். நீ நம்பினாய். கமிட்டி வந்தது. எல்லாவற்றையும்விட மூன்றாம் பாடத்தைத்தான் பாராட்டினார்கள். உண்மையான மாணவரின் குரலையே வைத்திருக்கிறீர்கள், மற்ற கல்லூரிகளுக்கும் இதைக் காட்டலாம் என்றார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்று, "எடுத்துட்டியாமா?" என்று கேட்டாய்.

"எடுத்துட்டேன்" என்றேன்.

நான் எடுக்கவில்லை, முரளி. அன்றும் எடுக்கவில்லை, அடுத்த வாரமும் எடுக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் அந்தப் பாடம் அப்படியே இருந்தது. லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து பழைய சர்வரைக் கழற்றியபோது அது தானாகப் போயிற்று. என் கை படவில்லை.

இடையில் ஒரு நாள் நீ சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு வந்தாய். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றாய். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் உன் சிநேகிதன் அன்வருடைய அம்மாவைப் பார்த்தேன். "பசங்க ரெண்டும் அட்ச்சிக்கிச்சிங்களாமே, உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? ஏதோ பாடம் இன்னும் இருக்குதுன்னு இவன் சொன்னானாம், எங்கம்மா எடுத்துட்டாங்கன்னு உங்க புள்ள கைய ஓங்கிட்டானாம்" என்றார். என் வார்த்தைக்காக நீ அடித்திருக்கிறாய், அடி வாங்கியும் இருக்கிறாய். மறுநாள் காலை இன்றைக்கு எடுத்தே தீருவது என்று லேபுக்குப் போனேன். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். மத்தியானம் வரலாம் என்று திரும்பினேன். மத்தியானம் போகவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று ஹெச்.ஓ.டி. கேட்பார், என் பையன் குரல் அது என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பயந்து உன்னை இரண்டு வருடம் அங்கேயே விட்டுவைத்தேன்.

உன்னை மட்டும் இல்லை. சாயங்கால வகுப்புக்கு சாந்தி என்று ஒரு பெண் வந்தாள், பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். வடக்கத்திக்காரர்கள் வந்தால் பேசத் தெரியவில்லை என்று ஆசையாகச் சேர்ந்தவள். மூன்றாம் பாடத்தோடு நின்றுவிட்டாள். அவளைப் போலவே நிறையப் பேர் அதே இடத்தில் நின்றதைக் கம்ப்யூட்டர் பதிவே காட்டியது. கருத்துப் படிவத்தில் சாந்தி தமிழில் எழுதியிருந்தாள்: "மூணாவது பாடத்துல வர்ற தம்பி மாதிரிதான் நானும் பேசுவேன். அவருக்குத் தப்பு போட்டா எனக்கும் தப்புதான். அதனால நான் வரல மேடம்." ஐந்தாவது கட்டம் என்பது இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் இருக்கிறது. நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர் என்று அறிக்கை எழுதினேன். ரெஹானா போன் செய்து, "யாராவது நடுவுல விட்டுட்டுப் போனாங்களா மேடம், ஏன்னு கேட்டீங்களா?" என்றபோது, வேலைக்குப் போகிறவர்கள், நேரம் இல்லை என்றேன்.

டிப்ளமா முடித்து நீ முதல் இன்டர்வியூவுக்குப் போய்வந்த நாளை மறக்க முடியுமா? கேட்டது எல்லாமே உனக்குத் தெரிந்த சர்க்யூட்தான். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்தாய். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம், "இங்கிலீஷ்ல வாயத் தொறந்தாலே அந்தச் சத்தம் கேக்குதுப்பா" என்றாயாம். அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருக்கலாம். பிறகு இன்டர்வியூ இல்லாத ஒரு கடையில் யு.பி.எஸ். பழுது பார்க்கச் சேர்ந்தாய், உன் கை வேலையாலேயே மேலே வந்தாய். இன்றைக்கு ஒரு கம்பெனி உன்னைத் தேடிப் பிடித்து ஹைதராபாத் அனுப்புகிறது. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அதை நான் எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் தூங்கினேன். போன புதன்கிழமை அன்வர் வந்தான். பத்திரிகை வைக்க நான் அவன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவனே வாங்கிக்கொள்ள வந்துவிட்டான். காபி கொடுத்தேன். பழைய கதை பேசிக்கொண்டிருந்தவன், அந்தச் சண்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். "என்னா அடி அட்ச்சான் தெரியுமா ஆன்ட்டி. நானும் விடல. 'வாடா, காட்றேன்'னு பிரவுசிங் சென்டருக்கு இஸ்த்துக்கினு போனேன். ஹெட்போன மாட்டிக்கினு கேட்டான். முடிஞ்சதும் இன்னொரு வாட்டி போட்டுக் கேட்டான்."

"அப்புறம்?" என்றேன்.

"ஹெட்போன கழட்டி வெச்சான். அப்புறம் என்னாண்ட சொன்னான், 'யாராண்டயும் சொல்லாதடா. எங்கம்மா எடுத்துட்டாங்க. அவ்ளோதான்.' நானும் இதுவர யாராண்டயும் சொல்லல ஆன்ட்டி. அது ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுதானே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. "இல்லப்பா, நான்தான் எடுக்கல" என்றேன். அன்வர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பாவம், அவன் என்ன செய்வான்.

பதினேழு வயதில் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு வந்துதான் சைக்கிளில் விழுந்தேன் என்றாய். தெரிந்துதான் எட்டு வருடமாக, எங்கம்மா எடுத்துட்டாங்க என்று எல்லோரிடமும் சொல்கிறாய், உனக்கு மனைவியாக வரப்போகிறவளிடமும் சொல்லியிருக்கிறாய். நான் சொன்ன பொய்யை நீ சுமந்துகொண்டு, எனக்கு ஒரு நல்ல பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறாய். என் மாணவர்களின் முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவேன் என்று பெருமை பேசுவேனே, எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்ட முகத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. நீ எப்போதோ மன்னித்துவிட்டாய், நான் கேட்காமலே, எனக்குத் தெரியாமலே. அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று சாயங்காலம் நான் தனியாகப் பத்மா வீட்டுக்குப் போனேன். அவள் சுங்கடிப் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தறியில் இருந்தார், சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப் ரெக்கார்டர், பொன்னாடை, வாசலில் சொன்ன பொய், உன் உதட்டு ரத்தம், எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, எனக்காக இல்லை என்பது தெரிந்தது. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. உனக்காகக் கோபப்பட ஒருத்தி இருக்கிறாள்.

"இத நீ அவன்கிட்ட சொல்லிடுமா" என்றேன்.

அவள் கையிலிருந்த புடவையை அடுக்கின் மேல் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன் அத்த. நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, அவரு உங்களுக்காகத்தான் பேசுவாரு" என்றாள்.

அதனால்தான் நானே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து, பரவால்லம்மா, விடும்மா என்று சொல்லாதே. கோபம் வந்தால் கோபப்படு. எந்த பாஷையில் வேண்டுமானாலும் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் நீ எனக்காகப் பேசாதே, முரளி.

அம்மா